களையில்லாத பக்கம்

"சாமி, இந்த மன்றத்தை மூடிடலாம்" என்றார் திருவேங்கடம்.

சாமி மடத்துச் சமையற்கட்டில் உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன ஆச்சு ஐயா?"

திருவேங்கடம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் சாமியைவிட மூத்தவர். ஆனாலும் சீடர்.

மடத்துக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அதில் கேள்வி மன்றம் என்று ஒரு பகுதி. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். வேண்டாததைப் பார்த்து நீக்குவது திருவேங்கடத்தின் பொறுப்பு.

"நீக்க நீக்க வருது சாமி. ஒருத்தன் மூட்டுவலித் தைலம் விக்கிறான்."

"நீக்குங்க."

"ஒருத்தன் கேள்வி கேட்ட பொண்ணை அசிங்கமாப் பேசுறான்."

"உடனே நீக்குங்க. அவனையும் வெளிய அனுப்புங்க."

"ஒரு அம்மா தினம் வந்து பெருமாளைத் திட்டுறாங்க."

சாமி ஒரு காயை ஒடித்துப் பார்த்தார். முற்றல். ஓரமாக வைத்தார்.

"பெருமாள் வந்து புகார் குடுத்தாரா?"

அடுப்பருகில் நின்ற சமையல்கார செண்பகம் சிரித்துவிட்டாள். திருவேங்கடத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"விதின்னு ஒண்ணு இருக்கு சாமி. தெய்வ நிந்தனை கூடாதுன்னு நாமதான போட்டிருக்கோம்."

"நாமளா?"

"நான்தான் போட்டேன்."

சாமி கையைத் துடைத்துக்கொண்டு, திருவேங்கடம் கையோடு கொண்டுவந்திருந்த மடிக் கம்ப்யூட்டரை வாங்கிப் பார்த்தார்.

'அருமை' என்று இருந்தது. அதன் கீழே 'மிக அருமை.' அதன் கீழே இரண்டு கும்பிடும் கைகள். 'வணக்கம் சாமி.' மறுபடியும் 'அருமை.'

சாமி அடிவரை தள்ளிப் பார்த்தார்.

"பக்கத்துல களையே இல்லையே ஐயா."

சொல்லிவிட்டுக் காய் கிள்ளப் போய்விட்டார்.

திருவேங்கடத்துக்கு மனசு நிறைந்துபோயிற்று. சாமி அவரை அதுவரை பாராட்டியதே இல்லை. போய் உட்கார்ந்தார். 'வேதவல்லி, மணப்பாறை' என்ற பெயரைத் தேடி எடுத்தார். இனி அந்த அம்மா மன்றத்தில் எழுதவே முடியாதபடி தடுத்தார்.

"களைன்னா வேரோட பிடுங்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தடுக்கப்பட்டவர்கள் பொறுப்பாளருக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பலாம். மறுநாள் காலையில் அந்த அம்மாவிடமிருந்து ஒன்று வந்தது.

'சரிங்க. இனிமே நான் யார்கிட்ட சண்டை போடுறது?'

அவ்வளவுதான். அதில் ஒரு வசவு இல்லை. எந்த விதியிலும் அது அடங்கவில்லை. நீக்கவும் மனசு வரவில்லை, வைத்துக்கொண்டு பார்க்கவும் முடியவில்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார்.

செண்பகம் சாதம் வைத்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சார், களையே இல்ல?"

பிசைந்த கை அப்படியே நின்றது.

"என்ன சொன்ன?"

"முகத்துல களையே இல்லன்னேன். மோர் ஊத்தட்டுமா?"

திருவேங்கடம் எழுந்துவிட்டார்.

"பாதியில எந்திரிக்காதீங்க சார், அன்னம் கோவிச்சுக்கும்" என்றாள் செண்பகம். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

மறுபடியும் கம்ப்யூட்டரைத் திறந்தார். நீக்கிய பதிவுகள் எல்லாம் மன்றத்தின் குப்பைத் தொட்டியில் இருந்தன. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் வரியில் தப்பு இருந்தால் மேற்கொண்டு படிக்கமாட்டார், அப்படியே ஒரு கோடு இழுத்துவிடுவார்.

'உங்க பெருமாளுக்குக் கண்ணு இருக்கா?' என்பது வரைக்கும்தான் அவர் படித்திருந்தார்.

இப்போது அடுத்த வரியைப் படித்தார்.

'இருந்தா என் பிள்ளை எங்க இருக்கான்னு பாத்துச் சொல்லச் சொல்லுங்க. கோவிச்சுக்கிட்டுப் போனவன் இன்னும் வரல.'

அடுத்த பதிவை எடுத்தார்.

'இன்னிக்கும் வரல. அவனுக்கும் சேத்துத்தான் உலை வச்சேன். கண்ணு இருக்கா இல்லையா?'

அதற்கடுத்ததை எடுத்தார். அதற்கும் அடுத்ததை.

ஒவ்வொன்றாகத் திரும்பவும் பக்கத்தில் வைத்தார். தடையை நீக்கினார். கடைசிப் பதிவின் கீழே பதில் எழுத உட்கார்ந்தார்.

முதலில் ஒரு பாசுரம் தட்டினார். தானே நீக்கினார்.

'பொறுமையாக இருங்கள், எல்லாம் அவன் செயல்' என்று தட்டினார். அதையும் நீக்கினார்.

பிறகு எழுதினார்.

'பிள்ளை பேரு என்னம்மா?'

சாயங்காலம் பதில் வந்திருந்தது.

'கோகுலகண்ணன். அவரு பேரைத்தான் வச்சேன்.'

அதன் கீழே இன்னொருவர். தினமும் வந்து 'அருமை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்.

'அம்மா, பையன் போட்டோ இருந்தா இங்க போடுங்க. நான் திருச்சி ஜங்ஷன் பக்கம் டீக்கடை வச்சிருக்கேன். போற வர்றவங்களைப் பாக்குறேன்.'

அவருக்கும் கீழே வேறொருவர், 'எனக்கும் அந்தக் கேள்வி உண்டு' என்று எழுதியிருந்தார். அவரோடு ஒருவர் சண்டைக்கு வந்திருந்தார். அந்தச் சண்டையை ஒரு பெண் சமாதானம் செய்துகொண்டிருந்தாள்.

சன்னதியில் சாமி மாலைப் பூசைக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார். திருவேங்கடம் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"சாமி, பக்கத்துல களை வந்திருச்சு."

சாமி திரியைத் தூண்டிவிட்டார்.

"எந்தக் களை ஐயா?"

"பூசையில ஒரு பேரு சொல்லணும் சாமி" என்றார் திருவேங்கடம்.