பெஞ்சுப் பலகைக்குள் இருந்த விருந்தாளி

காட்டுச் சோதனைச் சாவடியை ஒட்டிய ஓடைக்கரையில் ஒரு மருதமரம் நின்றது. அதன் நிழலில் சடையனின் டீக்கடை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த ஏதோ இயந்திரத்தின் மரப்பெட்டியை யாரோ உடைத்துப் போட, நல்ல பலகை வீணாகிறதே என்று சடையன் தூக்கி வந்து பெஞ்சாக்கிவிட்டான். உள்ளே ஒரு வண்டு குடித்தனம் நடத்துவது அவனுக்கு எப்படித் தெரியும்?

வண்டு வெளியே வந்து மருதத்திடம் தங்க இடம் கேட்டது. இது என்ன சத்திரமா, நடையைக் கட்டு என்றது மருதம். வண்டு அசரவில்லை. கிளை வேண்டாம் என்றது. இலையும் வேண்டாம் என்றது. பட்டைக்கு அடியில் ஊசி நுழைகிற இடம் போதும் என்று இறங்கி வந்தது. இப்படி மளமளவென்று இறங்கி வருகிறவனிடம்தான் மடியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். மருதம் சந்தைக்குப் போனதில்லை, பாவம்.

மேலே இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டியிருந்த முசுறு எறும்புகள் கடிக்கத் தயாராக இறங்கி வந்தன.

வண்டு பணிவாகச் சொன்னது: "ஐயா, இதுங்க உங்க இலையை மடக்கித் தைக்குதே, ஒரு வார்த்தை கேட்டுச்சா? நான் கேக்குறேன் பாருங்க."

மருதத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வழியை விடுங்கடா என்று எறும்புகளை அதட்டியது. அவை முறைத்துக்கொண்டே மேலே போயின.

அப்போது பெஞ்சுப் பலகை வாய் திறந்தது. "தம்பி, சேர்க்காதே. நானும் மரமா நின்னவன்தான். எங்க ஊர்ல இவனைக் கொத்தித் தின்னப் பறவை இருந்துச்சு. அப்பவும் என் கதி இது. இங்க இவன் ருசி எந்தப் பறவைக்கும் தெரியாது."

"போறவன் வர்றவன் எல்லாம் உக்கார்ற பலகை, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா?" என்று மருதம் சிரித்தது.

வண்டு பட்டையில் கால் வைத்த நேரம், சடையன் டீ டம்ளரோடு பெஞ்சில் உட்கார்ந்தான். பலகை மடாரென்று முறிந்தது. டீ அவன் தொடையில். பலகைக்குள்ளிருந்து மாவு மாதிரி மரத்தூள் கொட்டியது. அதில் கொழுத்த புழுக்கள் நெளிந்தன. வெளியே பலகை, உள்ளே வெறும் பொந்து.

மருதத்துக்கு வேர்வரை நடுங்கியது. எறும்புகளைக் கெஞ்சிக் கூப்பிட்டது. அவை தங்கள் கோபத்தையெல்லாம் வண்டின் காலில் காட்டின. கடி தாங்காத வண்டு முறிந்த பலகையின் பழைய பொந்துக்கே ஓடி ஒளிந்தது. சிதறிய புழுக்களை எறும்புகள் இழுத்துப் போயின. சடையன் தொடையைத் தேய்த்துத் திட்டிக்கொண்டே இரண்டு துண்டையும் அடுப்பில் திணித்தான்.

பலகை எரியத் தொடங்கியதும் மருதம் மெல்லக் கேட்டது: "அண்ணே, உங்க ஊர்ல நீங்க என்ன மரம்?"

"உன்னை மாதிரிதான் தம்பி," என்றது பலகை. "மரியாதையாப் பேசினா மயங்குற மரம்."