மணமில்லாத தண்ணீர்

மீன் வாலை முன்னே விட்டு, தலையைப் பின்னே வைத்து ஆற்றோடு போவதை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

பரராசசிங்கமும் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் பிறந்து, நோர்வேயின் வடக்கு மூலையில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் காலம் முழுக்க நின்ற மனுஷன். அவருக்கே தெரியாது.

முழங்கால் விட்டுப்போன பிறகு, ஆற்றோரத்துச் சால்மன் குஞ்சுப் பண்ணைக்கு வேலைக்கு வந்தார்.

அங்கே பொறுப்பில் இருந்தவள் நளாயினி. அவரைவிட மிகவும் இளையவள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததால் அந்த ஊர்த் தமிழருக்கெல்லாம் அவள் ரீச்சர். அவருக்கும் ரீச்சர்தான்.

"எனக்கும் ஒரு தொட்டி தாங்கோ, ரீச்சர். வளர்த்துப் பழகிறன்."

தந்தாள்.

குளிர்காலம் முழுக்க அவர் அந்தத் தொட்டியடியிலேயே கிடந்தார். தொட்டிலில் பிள்ளை மூச்சு விடுகிறதா என்று பார்ப்பதுபோல எட்டி எட்டிப் பார்த்தார். குஞ்சுகளின் விலாவில் யாரோ விரலால் தொட்டுவிட்டதுபோலக் கறுத்த தடங்கள் இருந்தன. அதைப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

பனி உருகத் தொடங்கியபோது ரீச்சர் தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்த அன்று, பண்ணை வாசலிலேயே அவர் நின்றார்.

"ரீச்சர், மீனுக்கு ஏதோ நோய் வருத்தம்."

"என்ன வருத்தம்?"

"விலாவிலை இருந்த தடமெல்லாம் அழிஞ்சுபோச்சு. வெள்ளியாய் மினுங்குது. தொட்டால் செதில் கையோடை வருது. முந்தி ஒண்டையொண்டு கலைச்சுக்கொண்டு திரிஞ்சதுகள், இப்ப கூட்டமாய்த் தண்ணி போற வாசல் பக்கம் போய் நிக்குதுகள்."

"அது வருத்தமில்லை, அண்ணை. கடலுக்குப் போக உடுப்பு மாத்துதுகள்."



"எப்ப போகும்?"

"இந்த மாதக் கடைசி வியாழன் திறந்து விடுவம்."

"அதுக்கு அடுத்த நாள் என்ரை மகளும் போறாள்."

ரீச்சருக்குத் தெரியும். அவர் மகள் ஆரபிக்கு, தெற்கே பெரிய பட்டினத்தில் வேலை கிடைத்திருந்தது.

"திரும்பி வருமோ, ரீச்சர்?"

"எதைக் கேக்கிறியள்? மீனையோ, மகளையோ?"

"முதலிலை மீனைச் சொல்லுங்கோ."

ரீச்சர் தொட்டியடிக்குப் போனாள். தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. அடியில் கிடந்த கூழாங்கல்லெல்லாம் தெரிந்தது.

"வடிவாய் வைச்சிருக்கிறன், என்ன?"

அவள் கையை நனைத்து மணந்து பார்த்தாள்.

"இது எங்கத்தைத் தண்ணி?"

"கிணத்துத் தண்ணி. ஆறு கலங்கி வந்தது, ரீச்சர். சேறும் பாசியும் செத்த இலையும். ஆத்துப் பைப்பைப் பூட்டிப்போட்டன். சின்னனுகள். அந்தச் சேறெல்லாம் அதுகளுக்கு என்னத்துக்கு?"

ரீச்சர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தாள்.

"அண்ணை, கடலிலை வருசக்கணக்காய்த் திரிஞ்சு பெருத்த மீன், முட்டை போட இந்த ஆத்துக்கே திரும்பி வருது. என்னெண்டு கண்டுபிடிக்குது?"

"கண்ணாலை?"

"கடலுக்குள்ளை கைகாட்டி மரம் நட்டிருக்கோ?"

அவர் ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மணம், அண்ணை. உடுப்பு மாத்திற இந்த நாளிலை எந்தத் தண்ணி மணக்குதோ, அதுதான் அதுக்கு ஊர்."

பரராசசிங்கம் தன் கையைத் தொட்டிக்குள் விட்டு எடுத்து மணந்தார். திரும்பவும் மணந்தார்.

ஒன்றும் மணக்கவில்லை.

"அப்ப அடுத்த வருசம் விடுவம். இன்னும் ஒரு குளிர் என்னோடை நிக்கட்டும்."

"மறிச்சு வைச்சால் வெள்ளி மங்கிப்போம். பிறகு உப்புத் தாங்காது."

ரீச்சர் எழுந்து ஆற்றுப் பைப்பில் கை வைத்தாள். அவர் அந்தக் கைக்குமேல் தன் கையை வைத்து அமர்த்தினார்.

"அதுகள் செத்துப்போகும், ரீச்சர்."

"சிலது சாகும்."

அவர் கையை எடுக்கவில்லை.

"அண்ணை, தாயைப் பற்றி ஆரபி கேட்டால் என்ன சொல்லுறனியள்?"

"அது இப்ப ஏன்?"

"கேக்கிறன்."

"காய்ச்சலிலை செத்தவ எண்டு சொன்னனான்."

ஆரபியின் தாய் ஊரில் சண்டை நடந்தபோது செல்லடியில், குண்டு விழுந்து செத்தவள். கைக்குழந்தையோடு அவர் எப்படித் தப்பி வந்தார் என்பது அந்த ஊர்த் தமிழருக்கெல்லாம் தெரியும்.

"அவள் சின்னப்பிள்ளை, ரீச்சர்."

"இப்பவுமோ?"

ஆறு வெளியே இரைந்துகொண்டு போனது. அவர் கையை எடுத்தார்.

"நீங்களே திறவுங்கோ."

"ஆரின்ரை தொட்டி?"

"என்ரை தொட்டி."

"அப்ப?"

அவர்தான் திறந்தார்.

தேத்தண்ணி நிறத்தில் ஆறு பாய்ந்து விழுந்தது. ஒரு மூச்சுக்குள் கூழாங்கல் மறைந்தது. மீன் மறைந்தது. தொட்டி இருந்த இடத்தில் ஒரு கலங்கல்தான் இருந்தது.

அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ரீச்சர் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆடை பிடித்து ஆறிப்போனது.

பின்நேரம் சில மீன்கள் மல்லாந்து மிதந்தன. ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

"நானே சாகடிச்சுப்போட்டன், ரீச்சர்."

அவள் இல்லை என்று சொல்லவில்லை. மீனை வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அவருக்கு நித்திரை இல்லை. மகள் கேட்டாள், "என்னப்பா, முகம் இப்பிடிக் கிடக்கு?" மீன் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நாட்கள் போகக் கலங்கல் கொஞ்சம் வெளித்தது. எட்டிப் பார்த்தார். மீன்கள் எல்லாம் பைப் வாய்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கலங்கல் வந்து விழுகிற இடத்திலேயே அடுக்கிவிட்டதுபோல நின்றன. வாய் திறந்து திறந்து மூடியது.

"என்ன செய்யுதுகள், ரீச்சர்?"

"கதை கேக்குதுகள்."

வியாழன் வந்தது. மழைத் தூறல். ரீச்சர் மதகுப் பலகையைத் தூக்கினாள். பரராசசிங்கம் கரையில் குந்தியிருந்து பார்த்தார்.

முதல் மீன் வெளியே வந்தது. வால் முன்னுக்கு. முகம் பண்ணையைப் பார்த்தபடி. அடுத்ததும் அப்படித்தான். ஆறு இழுக்க இழுக்க, எல்லாமே மேலே பார்த்துக்கொண்டு கீழே போயின.

"ரீச்சர், பிழையாய்ப் போகுதுகள். திரும்பத் தெரியாமல் போகுதுகள்."



ரீச்சர் பலகையைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தபடியே பின்னுக்குக் கால் வைத்து, ஆற்றுக்குக் குறுக்கே கிடந்த மரப்பாலத்தில் ஏறினாள்.

"விழப் போறியள்."

அவள் திரும்பவில்லை. ஒரு பலகை இடறியது. தடுமாறினாள். அப்போதும் கண்ணை அவர் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதிப் பாலத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

அவள் அக்கரை போய்ச் சேர்ந்தபோது இக்கரையில் அவர் இல்லை. பழுதான முழங்காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஆரபி கட்டிலில் பெட்டியை விரித்துவைத்து உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, இப்பிடிச் சேறு மணக்குது? போய்க் குளியுங்கோ."

அவர் போகவில்லை. சேற்றுச் சப்பாத்தோடு கட்டில் நுனியில் இருந்தார். வாயைத் திறந்தார். மூடினார்.

"மீனெல்லாம் போச்சோ?"

"போச்சு."

"அதுக்கே இந்த முகம்?"

"அம்மாவுக்கு..." என்றார். சப்பாத்துச் சேற்றை விரலால் வழித்தார். 

"அம்மாவுக்குக் காய்ச்சல் வரேல்லை, பிள்ளை."

அவள் மடித்த சட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். அவருக்குப் பக்கத்தில், சேறு படும் என்று பார்க்காமல், ஒட்டி இருந்தாள்.

"தெரியும், அப்பா. ஆரோ சொன்னவை. நீங்கள் சொல்லுங்கோ."