அழுங்கு ஏன் சுருண்டுகொள்கிறது

விலங்குகளும் பறவைகளும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், எறும்பு தின்னும் அழுங்கின் முதுகு முயலின் முதுகைப் போல மெத்தென்று இருந்தது.

அத்தி பழுக்கும் மாதங்களில் எல்லோரும் மிஞ்சிய பழத்தைக் காயவைத்து அழுங்கின் குகையில் கொண்டுவந்து போடுவார்கள். பழத்துக்கு ஒரு சில்லு. விளாம்பழ ஓட்டை உடைத்து, நகத்தால் கோடு கீறி அழுங்கு கொடுக்கும். கோடையில் சில்லைக் கொடுத்தால் பழம் திரும்பக் கிடைக்கும். அந்த நம்பிக்கையில் சில்லு காடெங்கும் புழங்கியது. முள்ளம்பன்றி வளை தோண்டித் தந்தால் இரண்டு சில்லு வாங்கிக்கொள்ளும். பழம் வராமல் சில்லு கீறக் கூடாது என்று காடே கூடிக் கட்டுப்பாடு வைத்திருந்தது.

புலியரசனுக்கு ஆற்றின் அக்கரைக் காட்டின் மேல் ஆசை வந்தது. கூலி இல்லாமல் சண்டைக்கு வரமாட்டோம் என்று செந்நாய்கள் சொல்லிவிட்டன. புலி குகைக்கு வந்தது.

"ஆயிரம் சில்லு வேண்டும்."

"பழம் எங்கே அரசே?"

"அக்கரையை வென்றதும் வரும்."

"வந்ததும் கீறித் தருகிறேன்."

புலி வாசலிலேயே படுத்துக்கொண்டது. "உன்னை இங்கே வைத்தது யார்?"

"காடு."

"காட்டுக்கு அரசன் யார்?"

அழுங்கு பயந்துபோனது. கீறத் தொடங்கியது. நகம் தேயும்வரை கீறியது.

சில்லு பெருகியது, பழம் பெருகவில்லை. முள்ளம்பன்றி ஒரு வளைக்கு இருபது சில்லு கேட்டது. செந்நாய்கள் கூலியாக வாங்கிய சில்லைக் கொடுத்து முந்திக்கொண்டு குகையைக் காலி செய்தன. சண்டையிலும் தோற்றுத் திரும்பின. கோடை வந்தது.

ஓர் ஆண் இருவாச்சி அலகு நிறையச் சில்லோடு வந்தது. அதன் பெட்டை குஞ்சுகளோடு மரப்பொந்துக்குள் அடைந்து கிடந்தது. ஆண் கொண்டுபோனால்தான் இரை.

"நாற்பது இருக்கிறது அக்கா. ஒரு பழம் கொடு."

"ஒன்றுகூட இல்லை தம்பி."

"இது நீ கீறிய கோடுதானே?"

"நான் கீறியதுதான்."

மூன்றாம் நாள் இருவாச்சி மறுபடி வந்தது. சில்லுகளை அழுங்கின் காலடியில் கொட்டியது. "இனி எனக்கு எதற்கு" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

அன்று மாலையே புலி வந்தது. "இன்னும் ஆயிரம் கீறு. மறுபடி போருக்குப் போக வேண்டும்."

அழுங்கு மரப்பிசினை முதுகில் பூசி, கொட்டிக் கிடந்த சில்லுகளின் மேல் புரண்டது. கீறிய நகங்களை வயிற்றுக்கு அடியில் மறைத்து, தலையை உள்ளே இழுத்து, உருண்டையாகச் சுருண்டுகொண்டது. புலி உருட்டியது, அறைந்தது, கடித்தது. கடைவாய்ப் பல் உடைந்ததே தவிர, உருண்டை விரியவில்லை.

புலிக்குச் சில்லு கிடைக்கவில்லை. செத்த குஞ்சுகளும் திரும்பவில்லை.

அன்று முதல்தான் அழுங்கு உடம்பெல்லாம் ஓடு ஒட்டியபடி தனியே திரிகிறது. அருகில் வருவது அரசனா, பசித்து வந்தவனா என்று பார்ப்பதில்லை. யாராக இருந்தாலும் சுருண்டுகொள்கிறது.