மாடிப்படி பூதம் கேட்ட வார்த்தை

சுவத்துப் பக்கம் நகர்ந்து படு, அத்தைக்கும் கொஞ்சம் இடம் வேணும்ல. நீ "ம்" சொன்னாத்தான் கதை நகரும், இப்பவே சொல்லிட்டேன் மகிழ். உங்கப்பன் சின்னதுல இப்படித்தான் பாதியில தூங்கிடுவான், காலையில எந்திரிச்சு "அக்கா, அப்புறம் என்னாச்சு"ன்னு உயிரை வாங்குவான்.

ஒரு ஊர்ல ஒரு பஸ் ஸ்டாண்டு. அதுக்கு எதிர்ல ஒரு மாடிக் கட்டடம். அந்த மாடிப்படிக்கு அடியில, உடைஞ்ச பெஞ்சு எல்லாம் போட்டு வச்சிருக்கிற இருட்டுல, ஒரு பூதம் இருந்துச்சு.

"ம்."

பயப்படாதே. சாக்குமூட்டை மாதிரி ஒரு ஓரமா உக்காந்திருக்கும், யாரையும் ஒண்ணும் பண்ணாது. அப்போ மாடியில ஒரு டுட்டோரியல் நடந்துச்சு. சாயங்காலம் ஆனா பிள்ளைங்க தடதடதடன்னு படியேறும். ஒரு சார் இங்கிலீஷ் எடுப்பார். பாடம் முடிஞ்சாலும் சும்மா விடமாட்டார். "அஞ்சு எழுத்து வார்த்தை. அதுல பி இருக்கணும், ஆர் இருக்கணும், டி இருக்கணும். சொன்னவங்க வீட்டுக்குப் போகலாம்"பார். எவளாவது "பிரெட்டு சார்"னு கத்திட்டு, பையைத் தூக்கிட்டு ஓடுவா. மத்ததெல்லாம் நகத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்.

இதை எல்லாம் கீழ இருந்து பூதம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கேட்டுக் கேட்டே அதுக்கு எல்லா வார்த்தையும் வந்துடுச்சு. ஆனா அதை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்ல. அங்க ஒண்ணு உக்காந்திருக்குன்னே யாருக்கும் தெரியாதே.

அப்புறம் டுட்டோரியலை மூடிட்டாங்க. அந்த இடத்துக்கு ஒரு கூரியர் ஆபீஸ் வந்துச்சு. கூரியர் ஆபீஸ்ல யாருடா உக்காருவா? வருவாங்க, கவரைக் கொடுப்பாங்க, போயிடுவாங்க. பூதத்துக்கு அந்தப் பிள்ளைங்க சத்தம் இல்லாம பொழுதே போகல. யாராவது பக்கத்துல வந்து கொஞ்ச நேரம் உக்காந்தா தேவலைன்னு இருந்துச்சு. அப்போ அது யோசிச்சுது. சார் கேள்வி கேட்டார், எல்லாரும் உக்காந்தாங்க. நாமளும் கேட்டா உக்காருவாங்கன்னு நினைச்சுது. மக்குப் பூதம். என்ன கேட்டியா?

"ம்."

மொதல்ல, யூனிபார்ம் போட்ட ஒரு பொண்ணு அப்பா கொடுத்தனுப்பின கவரைக் கொடுத்துட்டு இறங்கி வந்தா. பூதம் படிக்குக் குறுக்கே சர்ர்ருனு கையை நீட்டுச்சு. "அஞ்சு எழுத்து வார்த்தை. எம், என், ஜி இருக்கணும். சொன்னவங்க வீட்டுக்குப் போகலாம்." அது சார் சொன்னதை அப்படியே சொல்லும், மாத்திச் சொல்லத் தெரியாது. அந்தப் பொண்ணு நிக்கக்கூட இல்ல. "மேங்கோ"ன்னுட்டு, குபுக்குன்னு கைக்கு மேல தாண்டி ஓடிட்டா.

அப்புறம் பூதம் நினைச்சுது, ரொம்ப சுலபமாக் கேட்டுட்டோம், அதான் போயிட்டா. ரெண்டாவது ஒரு ஆளு வந்தான், கையில போனு. "அஞ்சு எழுத்து. கியூ, யு, ஈ இருக்கணும்"னுச்சு பூதம். அவன் போன்ல டக் டக் டக்குன்னு தட்டினான். பொலபொலன்னு வார்த்தையா வந்து விழுந்துச்சு. "குவீன்"னு ஒண்ணைப் படிச்சுட்டுப் போயிட்டான். தலையை நிமிர்த்தவே இல்லடா அவன். கேட்டது பூதமா மனுஷனான்னு ஒரு தடவை பார்த்திருந்தாலாவது அதுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

மூணாவது, பவளக்கா. ஆபீஸைக் கூட்டித் துடைக்கிறவங்க. வாளியும் கையுமா சளக் சளக்குன்னு இறங்கி வந்தாங்க. பூதம் கையை நீட்டுச்சு. "அஞ்சு எழுத்து. எச், யு, எஸ் இருக்கணும். சொன்னவங்க வீட்டுக்குப் போகலாம்."

"எனக்கு எழுத்தே தெரியாதுய்யா"ன்னாங்க பவளக்கா.

பூதத்துக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே. ஓரத்துல இருந்த பெஞ்சைத் தட்டி, "அப்போ உக்காருங்க"ன்னுச்சு. அவங்களும் உக்காந்தாங்க. பூதம் பேச ஆரம்பிச்சுது. அந்த சார், அந்தப் பிள்ளைங்க, யார் என்ன வார்த்தை சொன்னாங்க, ஒண்ணு விடாம. பவளக்கா பாவம், ம், ம்னு கேட்டாங்க, உன்னை மாதிரி. அப்புறம் பார்த்தா அவங்க கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

"ஏன் அழறீங்க?"

"என் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும். சாவி எங்கிட்ட இருக்கு. வாசப்படியிலயே உக்காந்திருக்கும்யா."

"படியில தனியாவா?"

"தனியாத்தான்."

படியில தனியா உக்காந்தா எப்படி இருக்கும்னு பூதத்துக்கு வேற யாரும் சொல்லணுமா? அவங்களை அனுப்பவும் மனசில்ல, வச்சுக்கவும் மனசில்ல. கடைசியில மெதுவா, "நீங்க போகணும்னு சொல்றீங்களே, அந்த இடம். அதை இங்கிலீஷ்ல சொல்லுங்க"ன்னுச்சு.

"வீடா? அவுசு?"

"அதான். போங்க." கையை எடுத்துக்கிச்சு.

பவளக்கா வாளியைத் தூக்கிட்டு நாலு எட்டு வச்சாங்க. அப்புறம் என்ன தோணுச்சோ, நின்னு திரும்பினாங்க. "ஏன்யா, உன்னை யாரும் கேக்கலையா? நான் கேக்குறேன். அஞ்சு எழுத்து, எச், யு, எஸ் இருக்கணும். சொல்லு, நீயும் வீட்டுக்குப் போ."

இப்பத்தான் சொல்லிக் கொடுத்துச்சு, அதுக்குத் தெரியாதா? வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா சொல்லிட்டா போகணுமே. எங்க போகும் அது? அதுக்குன்னு ஒரு வீடு எங்க இருக்கு?

"தெரியல"ன்னுச்சு பூதம்.

"சரி, யோசிச்சு வை. நாளைக்குக் கேக்குறேன்"னுட்டு அவங்க போயிட்டாங்க. மறுநாள் வந்து கேட்டாங்க. தெரியலன்னுச்சு. தெரியலன்னா கேட்டவங்க சும்மா போக முடியுமா, காத்திருக்கணும்ல? அந்தப் பெஞ்சுல உக்காந்து ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்துட்டுப் போனாங்க. அதுக்கு மறுநாளும் அப்படித்தான். பூதம் இன்னிக்கு வரைக்கும் சொல்லல. கேட்டியா?

மகிழ்? ம் காணோமே.

சரி, யாருக்குச் சொன்னா என்ன. ஞாயித்துக்கிழமை கட்டடத்தைப் பூட்டிடுவாங்க. பவளக்கா வரமாட்டாங்க, யாரும் வரமாட்டாங்க. அன்னிக்கு மட்டும் பூதம் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லும். சொல்லிட்டு, போகலாம்னு யாராவது சொல்றாங்களான்னு காதைக் கொடுத்துக்கிட்டே உக்காந்திருக்கும்.

கதை படியிறங்கிப் போயிடுச்சு. நீ தூங்கு.