இடுப்பில் இரண்டு முடிச்சு

ஒரு மழை பெய்தால் ஒரு வாரம் சொட்டுகிற அடர்ந்த காட்டில் ஒரு மாமரம் இருந்தது. அதில் முசுறுகள் குடியிருந்தார்கள். முசுறு தெரியுமா, பிள்ளைகளே? மாவிலைகளை இழுத்துச் சேர்த்து, கூடு தைத்து வாழும் சிவப்பு எறும்பு. தெரியாமல் அந்தக் கிளையில் கை வைத்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் செம்பி என்றொருத்தி இருந்தாள். குஞ்சாக வழியில் அனாதையாகக் கிடந்தவளைக் கொழுந்தாயி என்ற முசுறுதான் வாயில் கவ்வி வந்து, தன் பங்கை ஊட்டி வளர்த்தாள். வளர்ந்ததும் செம்பி நல்ல சிவப்பாக இருந்தாள்.

கிளையில் வெயில் காய்ந்த ஓணான் தலையை ஆட்டி, "சிவப்பென்றால் முசுறுதான். இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றது. தன் நிறத்தையே நாளுக்கு நாலு தடவை மாற்றுகிற ஆள் அது. ஆனாலும் செம்பியும் முசுறுதான் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

பாடு செம்பிக்குத்தான். இலையை இழுக்க முசுறுகள் ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துச் சங்கிலியாக நிற்பார்கள். செம்பியின் இடுப்பில் மட்டும் பிடி நழுவும். சங்கிலி அறுந்து, இலை பழையபடி விரிந்துகொள்ளும்.

"மழை தலைக்கு மேல் வந்து நிற்கிறது. இவளால் கூடு மூடாமல் கிடக்கிறது. துரத்துங்கள்" என்றார்கள் மற்றவர்கள்.

"நானும் உயிரைக் கொடுத்துத்தானே நிற்கிறேன், அக்கா" என்று கொழுந்தாயியிடம் அழுதாள் செம்பி.

அப்போது அங்கே நத்தை ஊர்ந்து வந்தது. அதற்கு எதிலும் அவசரம் கிடையாது. செம்பியைச் சுற்றி வந்து பார்த்தது. பிறகு கொழுந்தாயியைச் சுற்றி வந்து பார்த்தது. அதற்குள் ஓணானுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"பெண்ணே, முசுறுக்கு இடுப்பில் ஒரு முடிச்சு, உனக்கு இரண்டு. ஒரு முடிச்சுக்குப் பழகிய பிடி உன்னிடம் எப்படி நிற்கும்? முசுறுக்குக் கொடுக்கு இல்லை, உனக்கு இருக்கிறது. நீ மண்ணில் வாழும் நெருப்பெறும்பு. உன் மேல் குற்றமில்லை" என்றது நத்தை.

செம்பிக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. ஆனாலும் பிரிய மனசு வரவில்லை. கொழுந்தாயி கடைசியாக ஒரு சொட்டுத் தேன் ஊட்டி, "போய் நன்றாக இரு, கண்ணு" என்று அனுப்பினாள்.

மரத்தடி நெருப்பெறும்புகள் அவள் இடுப்பைத் தடவிப் பார்த்து, "அட, நம் பிள்ளை" என்று சேர்த்துக்கொண்டார்கள்.

மழை கொட்டியது. வெள்ளம் மண்வீட்டுக்குள் புகுந்தது. நெருப்பெறும்புகள் காலோடு கால் கோத்துத் தெப்பமாக மிதந்தார்கள். அந்நேரம் மாமரக் கிளை முறிந்து, கூட்டோடு வெள்ளத்தில் விழுந்தது. முசுறுகள் தத்தளித்தார்கள்.

"அவர்கள் நம் இனமில்லை. தெப்பமும் தாங்காது" என்றாள் நெருப்பெறும்புகளின் தலைவி.

"இனமில்லைதான், அம்மா. ஆனால் அவர்கள் ஊட்டியிராவிட்டால் உங்களுக்கு நான் ஏது? பாரம் கூடினால் அடியில் நான் நிற்கிறேன்" என்ற செம்பி, தெப்பத்தின் அடிக்கு முதல் ஆளாக இறங்கினாள்.

தலைவி தெப்பத்தில் இடம் விட்டாள்.

கொழுந்தாயி எட்டி, செம்பியின் இடுப்பைப் பிடித்தாள். இந்த முறை இரண்டு முடிச்சுக்கும் நடுவில் காலைக் கொடுத்துக் கெட்டியாகப் பிடித்தாள். பிடி நழுவவில்லை. அவள் இடுப்பை அடுத்தவள் பிடிக்க, துரத்தச் சொன்னவர்கள் உட்பட எல்லோரும் வரிசையாகத் தெப்பம் ஏறினார்கள்.

கரை சேர்ந்ததும் கொழுந்தாயி செம்பியைக் கட்டிக்கொண்டாள். "எங்களுக்காகத் தண்ணீருக்குள் நின்றாயே, தாயே."

"நீ ஊட்டியதற்கு இது எம்மாத்திரம், அக்கா" என்றாள் செம்பி.

நீதி: இனத்தை அறிய உடலைக் கூர்ந்து பார்க்க வேண்டும், நன்றி செலுத்த இனம் பார்க்க வேண்டியதில்லை.