உடும்புக்குப் பாட்டு போய்ப் பிடி வந்த கதை

விலங்குகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பேச்சைவிடப் பெரிதாக அவற்றுக்கு ஒன்று இருந்தது. சடுகுடு. மலையடிவாரத்தில் ஓர் ஆறு, ஆற்றின் இரு கரையிலும் இரண்டு காடுகள். கோடையில் ஆறு வற்றி ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். அதற்காக அடித்துக்கொண்டு சாக வேண்டாம் என்று இரண்டு காடும் கூடிப் பேசி, ஆண்டுக்கு ஒரு ஆட்டம் என்று முடிவு செய்திருந்தன. ஜெயித்த காடு மடுவில் முதலில் குடிக்கும். தோற்ற காட்டுக்குக் கலங்கிய மிச்சம்.

ஆட்டம் நமக்குத் தெரிந்த அதே ஆட்டம்தான். ஒருவர் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போக வேண்டும். யாரையாவது தொட்டுவிட்டுப் பாட்டு அறுவதற்குள் திரும்பிவிட்டால், தொடப்பட்டவர் வெளியே. அங்கேயே பிடிபட்டுப் பாட்டு நின்றுவிட்டால், பாடிப் போனவர் வெளியே. ஒரு பக்கம் ஆளே இல்லாமல் காலியாகும்வரை ஆட்டம் ஓடும்.

கீழ்க்கரைக் காட்டுக்கு ஏழு பேரைப் பொறுக்குவது ஒரு கிழட்டு யானையின் வேலை. எல்லாரும் அதைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். காட்டில் பழகும் களங்கள் நிறைய இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் இருந்தது. பாடிப் போக ஆள் வேண்டுமா, பெரியம்மா நேராகப் புல்வெளிக் களத்துக்குப் போகும். மானும் முயலும் அங்கே காற்றோடு ஓடிப் பழகியவை. நடுவில் அசையாமல் நிற்க ஆள் வேண்டுமா, சேற்றுக் களத்துக் காட்டுப்பன்றிகள் இருக்கின்றன. பிடியில் சிக்காமல் நழுவித் தாவ வேண்டுமா, தேக்கங்காட்டுக் குரங்குகளை விட்டால் யார். இந்தக் களத்திலிருந்து வருகிறவன் இந்த இடத்துக்குத்தான் என்று காட்டில் குட்டிகூடச் சொல்லும்.

கரட்டுக் களம் என்று ஒன்று இருந்தது. அதன் பேர் வந்தால் மட்டும் பெரியம்மா காதை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடும். அங்கிருந்து ஏழு பேரில் ஒருவர்கூட இதுவரை போனதில்லை.

போகாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பாவம். கரட்டில் உடும்பும் கீரியும் ஓணானும் பொழுது விடிந்தது முதல் பழகின. எல்லாம் பாடத்தான் பழகின. யாருக்குத்தான் பாடிப் போக ஆசை இருக்காது? கரையில் நிற்கிற கூட்டம் கத்துவது பாடிப் போகிறவனைப் பார்த்துத்தான். காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடக்கிறவனை யார் பார்க்கிறார்கள்? ஆனால் கரடு முழுக்கச் சரிவான பாறை. நாலு எட்டு ஓடினால் கணவாய்க் காற்று வந்து ஆளைத் தூக்கும். உடனே பாறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காற்று அடங்கும்வரை கிடக்க வேண்டும். பிறகு எழுந்து மறுபடி பாட வேண்டும். "இந்தச் சனியன் பிடிச்ச காத்து மட்டும் இல்லேன்னா நாமளும் மான் மாதிரி ஓடியிருப்போம்" என்று தினமும் திட்டிக்கொண்டார்களே தவிர, ஓடிய நேரத்தைவிடப் பிடித்துக்கிடந்த நேரம்தான் அதிகம் என்பதை ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை.

அவர்களில் உடும்புக்குத்தான் நம்பிக்கை அதிகம். காரணமும் இருந்தது. அந்தக் காலத்தில் உடும்புக்கு நல்ல குரல், நீளமான மூச்சு. அது பாட ஆரம்பித்தால் குயில்கூடக் கிளையில் நகர்ந்து உட்கார்ந்து கேட்கும். ஒரே ஒரு தடவை, ஆட்டம் நடக்கிற ஆற்று மணல்திட்டில் அத்தனை பேர் முன்னாலும் பாடிப் போய்விட்டு வர வேண்டும், கரட்டுக் களத்துப் பேர் அன்றைக்கு எல்லார் வாயிலும் வர வேண்டும். அது கண்ட கனவெல்லாம் இதுதான்.

அந்த ஆண்டு ஆள் பொறுக்கும் நாளில் உடும்பு முன்னால் வந்து நின்றது. பாட்டென்றால் அப்படி ஒரு பாட்டு. ஆனால் கால் குட்டைக் கால். தொட்டுத் திரும்புவதற்குள் ஒரு முயல் வந்து முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அடுத்து மான் பாடி வந்தது. அவமானத்தில் தலைகுனிந்து நின்ற உடும்பைப் போகிற போக்கில் தொட்டுவிட்டுத் திரும்பியது. மான் கிளப்பிய காற்று முகத்தில் அடித்ததும், உடும்பு பழக்க தோஷத்தில் கையில் கிடைத்ததை இறுக்கிப் பிடித்தது. கிடைத்தது மானின் பின்னங்கால். மான் உதறியது, துள்ளியது, இழுத்தது. பாட்டு அறுந்தது. அதன் பிறகும் கால் வரவில்லை.

"விட்டுடுப்பா. முடிஞ்சு போச்சு" என்றது பெரியம்மா.

உடும்பு மெல்ல விரலைப் பிரித்தது. பெரியம்மா அந்தக் கையையே வெகு நேரம் பார்த்தது.

"உன்னைச் சேத்துக்கிறேன். பிடிக்கிறதுக்கு."

"பெரியம்மா, நான் பாட வந்தேன்" என்றது உடும்பு.

"தெரியும். பாட எனக்கு ஆள் இருக்கு. இந்தக் கை மாதிரி ஒண்ணு காடு முழுக்க என்கிட்ட இல்ல."

உடும்பு கரட்டுக்குத் திரும்பி, கூட்டாளி கீரியிடம் சொல்லி அழாத குறையாக நொந்துகொண்டது. கீரிக்கும் மனம் கேட்கவில்லை. "போ மச்சான். ஆட்டத்துல எல்லாருக்கும் ஒரு முறை வரும்ல? உன் முறை வர்றப்போ பாடிடு. நாங்க கரையில நிப்போம்" என்றது.

ஆட்ட நாள் வந்தது. மணல்திட்டின் இரு பக்கமும் கூட்டம் நெருக்கியடித்தது. அக்கரைக் காட்டுக்குப் பாடிப் போக ஒரு சிறுத்தை இருந்தது. அதைப் பற்றிச் சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு ஆட்டம். வந்தது தெரியாது, போனது தெரியாது, நம் பக்கம் ஒரு ஆள் குறைந்திருக்கும். நம் மானும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் ஆட்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பிவிட்டு, கடைசியில் சிறுத்தையின் தொடுதலில் தானும் வெளியே போனது. பார்த்தால் அந்தப் பக்கம் சிறுத்தை மட்டும், இந்தப் பக்கம் மூலையில் உடும்பு மட்டும்.

முறை சிறுத்தையுடையது. அது பாடிக்கொண்டு வந்தது. உடும்பு மண்ணோடு மண்ணாகப் பதுங்கி, இப்படியும் அப்படியும் நகர்ந்து தப்பியது. தொடமுடியாமல் சிறுத்தைக்கு மூச்சுக் குறைந்தது. சரி, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று அது திரும்பியது.

உடும்பு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா இருந்தால் போதும். சிறுத்தை போய்விடும், அடுத்த பாட்டு உடும்பினுடையது. இரண்டு காடும் பார்த்துக்கொண்டிருக்க, தன்னந்தனியாக, அது ஆசைப்பட்ட அதே பாட்டு. அதற்காகவே நெஞ்சு நிறைய மூச்சைச் சேர்த்து வைத்திருந்தது. கை வைத்தாலோ, பிடி நழுவினால் எல்லாம் போச்சு. தொட்ட கணக்காகிவிடும், மடு போய்விடும்.

ஆனால் முயல் தன் முதுகில் ஏறி உட்கார்ந்ததை உடும்பு மறக்கவில்லை. 'நான் பாடிப் போனால் எனக்குச் சந்தோஷம். காட்டுக்கு நல்ல தண்ணீர் கிடைக்காது' என்று அதற்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தே பாய்ந்து சிறுத்தையின் கணுக்காலைப் பிடித்தது.

சிறுத்தை இழுத்தது. உடும்பு மணலில் கோடு கிழித்துக்கொண்டு பின்னாலேயே போனது. நடுக்கோடு நெருங்கியது. பாடுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த மூச்சையெல்லாம் உடும்பு அப்போது வயிற்றுக்குள் அடக்கி உப்பியது. பின்னங்கால் நகங்களை மணலுக்கு அடியிலிருந்த பாறையில் ஊன்றியது. தொண்டைக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. வலியில் உயிர் போகிற மாதிரி இருந்தது. கை விடவில்லை.

கோட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் சிறுத்தையின் பாட்டு நின்றது.

கீழ்க்கரைக் காடு ஆர்ப்பரித்தது. சிறுத்தை நாக்குத் தள்ள மூச்சு வாங்கிவிட்டு, உடும்பைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது: "நாப்பது பேர்கிட்ட பிடிபட்டிருக்கேன் அண்ணே, உதறிட்டு வந்திருக்கேன். உங்ககிட்ட என் பாச்சா பலிக்கல."

ஜெயித்த பக்கத்தில் கடைசியாக நிற்கிறவர் களத்தைப் பாடிச் சுற்றி வருவது வழக்கம். கரையில் நின்ற கீரி கத்தியது: "மச்சான், பாடு. உனக்குத்தான், பாடு."

உடும்பு தலையை நிமிர்த்தியது. வாயைத் திறந்தது.

"உஸ்" என்றது.

மறுபடி முயன்றது. மறுபடியும் அவ்வளவுதான் வந்தது. கீரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெரியம்மா களத்துக்குள் நடந்து வந்தது. காட்டில் யாருக்கும் மண்டியிடாத அந்த யானை, உடும்பின் முன்னால் மண்டியிட்டது.

"நீ நடந்தா போதும் ராசா. பாட்டை நாங்க பாடுறோம்."

உடும்பு களத்தைச் சுற்றி நடந்தது. மானும் முயலும் பன்றியும் குரங்கும் அதற்காகப் பாடின. அக்கரையிலிருந்தும் ஒரு குரல் சேர்ந்துகொண்டது. அது சிறுத்தையின் குரல்.

மறு ஆண்டு பெரியம்மா ஆள் பொறுக்கக் கரட்டுக் களத்துக்குத்தான் முதலில் போனது. அங்கே யாரும் பாடிப் பழகவில்லை. காற்று எப்போது வரும் என்று பாறையில் காத்துக் கிடந்தார்கள்.

உடும்புக்குக் குரல் போய் வெறும் 'உஸ்' மட்டும் மிஞ்சியதும், பொந்துக்குள் வயிற்றை உப்பவைத்துக்கொண்டு நகத்தை ஊன்றிவிட்டால் யார் இழுத்தாலும் வராமல் போனதும் அந்தக் கோடையிலிருந்துதான். அன்று முதல்தான், ஒரு பிடியை மெச்ச நினைக்கிற எல்லாரும் அதன் பேரைச் சொல்லி மெச்சுகிறார்கள்.