காதில் வைத்த கை

"உஸ்தாத் ஜி, என் மூச்சு போய்விட்டது" என்றாள் ஜஸ்மேல் கௌர்.

பூட்டா கான் எருமைக்குத் தீவனம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போன மூச்சோடு மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாய். பெரிய விஷயம்தான்" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. தோளில் ஐந்து மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

பஞ்சாபின் மால்வாப் பக்கம் ஜஸ்மேலைத் தெரியாத லாரி டிரைவர் கிடையாது. பதினாறு வயதில் கல்யாண வீட்டுப் பெண்களோடு கைதட்டிப் பாடத் தொடங்கியவள். பத்தொன்பதில் முதல் கேசட். இப்போது முப்பத்து நான்கு. அங்கே அவள் பாடாத திருவிழாவை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கூட்டம் வந்ததெல்லாம் அவளுடைய ஹேக்குக்காகத்தான். பாட்டுக்கு முன்னால், வார்த்தையே இல்லாமல் இழுக்கிற ஒற்றைக் குரல் அது. ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். அவள் நின்றால், தூரத்து வயலில் டிராக்டரை அணைத்துவிட்டுக் கேட்பார்கள்.

அதைச் சொல்லிக் கொடுத்தவர் பூட்டா கான். அவளைவிடப் பத்து வயதுதான் மூத்தவர். இளம் வயதிலேயே தொண்டை கட்டிப்போய், ஒரு மேடையும் ஏறாமல் நின்றுவிட்டவர். அவர் முகம் யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் தெரியும். பாடுவதற்கு முன் ஒவ்வொரு மேடையிலும் ஜஸ்மேல் குருவுக்கு மரியாதையாகக் காதைத் தொட்டுக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்வாள்.

அவருக்கு மிச்சமிருந்தது காது. கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பார். சுருதி மயிரிழை விலகினாலும், அவள் மேடையை விட்டு இறங்கியதும் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்வார்.

"குழந்தை பிறந்த பிறகு இரண்டு மேடை ஏறினேன்" என்றாள். "இரண்டிலும் உச்சியில் உடைந்துவிட்டது. முதல் ஊரில் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டாவது ஊரில் விசிலடித்தார்கள்."

"தர்பாரா என்ன சொன்னான்?"

தர்பாரா சிங் அவளோடு ஜோடி சேர்ந்து பாடுகிறவன்.

"என் ஹேக் குளிர்காலத்து ஸ்கூட்டர் மாதிரி இருக்கிறதாம். உதைத்தால் கிளம்புகிறது, கியர் போட்டால் நின்றுவிடுகிறது என்றான்."

"நன்றாகச் சொல்லியிருக்கிறான்."

"வேறொரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறான், ஜி. இன்னும் பத்து நாளில் திருவிழா. அதிலும் உடைந்தால் இனி அவளோடுதான் பாடுவானாம்."

"எப்படிப்பட்ட பெண்?"

"இருபது வயது. மூச்சு இருக்கிறது."

மணிக்கட்டில் இருந்த சிவப்புக் கயிற்றை ஜஸ்மேல் ஒற்றைக் கையால் அவிழ்த்தாள். அவளைச் சிஷ்யையாக ஏற்றுக்கொண்ட அன்று அவர் கட்டியது. நைந்துபோகும்போதெல்லாம் புதிது கட்டுவார். அதைக் கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள்.

"அவன் சொல்வதற்கு முன்னால் நானே நிறுத்திக்கொள்கிறேன். இதைத் திருப்பித் தரத்தான் வந்தேன்."

பூட்டா கான் அரிவாளைக் கீழே வைத்தார். கயிற்றைத் தொடவில்லை.

"சாப்பாடெல்லாம் எப்படி?"

"மாமியார் கோதுமை மாவை நெய்யில் வறுத்து, பாதாம் போட்டு, தினமும் ஒரு கிண்ணம் தருகிறார். அதிமதுரம் மெல்லுகிறேன். மிளகுப் பால் குடிக்கிறேன். பிள்ளை பெற்றால் வயிறு தளர்ந்து மூச்சு நிற்காமல் போகும் என்கிறார்கள்."

"யார்?"

"எல்லாரும்தான்."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாப்லர் மரத் தோப்பு. பூட்டா கான் அதைக் காட்டினார்.

"என் பையன் ரோஷன் அங்கே கிளை கழித்துக்கொண்டிருக்கிறான். டீ ஆறிப்போகும். தம்பியைக் கொஞ்சம் கூப்பிடு."

இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருந்தது அவளுக்கு. ஆனாலும் எழுந்து வாய்க்கால் கரைக்குப் போனாள். குழந்தையின் மூச்சு அவள் கழுத்தில் இளஞ்சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கூப்பிட்டாள்.

"ரோ...ஷன்..."

குரல் தண்ணீரைத் தாண்டி, கடுகு வயலைத் தாண்டி, தோப்புக்குள் போனது. கொக்குகள் எழும்பின. ரோஷன் எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால், அடுத்த தோப்பில் இருந்தவனும் எட்டிப் பார்த்தான்.

"ஒரு டம்ளர் அதிகம் வேண்டியிருக்கும் போலிருக்கிறது" என்றார் பூட்டா கான்.

"கூப்பிடுவது வேறு, ஜி. பாடுவது வேறு."

"சரி, பாடு."

குழந்தையைக் கட்டிலில் படுக்க வைத்தாள். வலது கையை மடக்கிக் காதின் மேல் வைத்தாள்.

முதல் நாள் அவர் சொல்லிக் கொடுத்தது அது. அந்தப் பக்கத்துப் பாடகர்கள் எல்லாரும் செய்வதுதான். டோலக்கும் கூட்டமும் இடது காதுக்கு, வலது காது உனக்கு, ஹேக் முடிகிற வரை கையை எடுக்காதே என்றிருந்தார். பதினெட்டு வருஷமாக அவள் எடுத்ததில்லை.

குரல் ஏறியது. உச்சியைத் தொட்டது. நிற்க வேண்டிய இடத்தில் முருங்கைக் கிளை போல் முறிந்தது.

அவள் கண் கட்டிலுக்குப் போயிருந்தது.

பூட்டா கான் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைக்குள் என்ன கேட்டது?"

"ஒன்றும் கேட்கவில்லை."

"முன்பெல்லாம்?"

"என் குரல் கேட்கும்."

"இப்போது ஏன் கேட்கவில்லை?"

ஜஸ்மேல் கட்டிலருகே குந்தி, குழந்தையின் நெஞ்சில் கையை வைத்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இவள் மூச்சு கேட்கவில்லை, ஜி."

அவர் கட்டிலின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தார்.

"நாற்பதாம் நாள். பால் குடித்துவிட்டுத் தூங்கினாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் சும்மா திரும்பிப் பார்த்தேன். உதடு நீலமாக இருந்தது. மூச்சில்லை. தூக்கிக் குலுக்கியதும் அழுதுவிட்டாள். டவுன் டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். கண் பட்டுவிடும், வெளியே சொல்லாதே என்றார் மாமியார். நானும் சொல்லவில்லை."

"ம்."

"அன்றைக்கு நான் திரும்பிப் பார்த்தது தற்செயல், ஜி. அதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ரொட்டி சுடும்போது கேட்கிறேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிக்கிறேன். கையைக் காதில் வைத்ததும் அது நின்றுபோகிறது. நின்றது கையாலா, இவளாலா என்று தெரியவில்லை."

"மேடை நாளில் குழந்தை யாரிடம்?"

"மாமியார் காரில் வைத்துக்கொள்வார். நல்ல மனுஷிதான். உட்கார்ந்தபடியே குறட்டை விடுவார்."

பயப்படாதே என்று அவர் சொல்லவில்லை. டீயை டம்ளர்களில் ஊற்றி, ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். கட்டில் ஓரத்தில் கிடந்த கயிற்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"குழந்தைக்குப் பெயர் என்ன?"

"சீரத்."

"திருவிழாவுக்குச் சீரத்தையும் கொண்டு வா."

"கயிறு, ஜி?"

"பாடிவிட்டு வா. பிறகு பார்ப்போம்."

பத்தாம் நாள் மத்தியானம். இரண்டு டிராக்டர் டிரெய்லர்களைச் சேர்த்துக் கட்டி மேடை போட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். புது ஜிப்பா போட்டிருந்த தர்பாரா அவள் முகத்தைப் பார்ப்பதும் கூட்டத்தைப் பார்ப்பதுமாக இருந்தான்.

கூட்டத்தின் கடைசி வரிசையில் பூட்டா கான் இல்லை.

மேடைக்குப் பின்னால், ஒலிபெருக்கிகளின் முதுகுப் பக்கம், ஒரு வேப்பமரத்தடியில் கட்டிலைக் கொண்டுவந்து போட்டிருந்தார்.

"உஸ்தாத் ஜி, அங்கிருந்து என்ன கேட்கப் போகிறது?" என்றான் தர்பாரா. "ஊரெல்லாம் இந்தப் பக்கம், நீங்கள் மட்டும் அந்தப் பக்கம்."

"எனக்கு வேண்டியது கேட்கும். நீ உன் வரியை மறக்காமல் பாடு."

ஜஸ்மேலிடம் இரண்டு கையையும் நீட்டினார். அவள் குழந்தையைக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் ஒரு விரலைக் குழந்தையின் காலிலிருந்து எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மேடை ஏறினாள். டோலக் தொடங்கியது. காதைத் தொட்டு, "என் உஸ்தாத் பூட்டா கான்" என்றாள். ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

பூட்டா கான் சீரத்தைத் தூக்கி, குழந்தையின் நெஞ்சைத் தன் இடது காதோடு சேர்த்து அணைத்திருந்தார்.

வலது கையை மடக்கி மறுகாதை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

ஜஸ்மேலின் கண் நிறைந்துவிட்டது. துடைக்க நேரமில்லை. தலையை நிமிர்த்தி, கையைக் காதில் வைத்தாள்.

கைக்குள் அவள் குரல் கேட்டது.

ஏறியது. உச்சியைத் தொட்டது. நின்றது.

ஜிலேபி பிழிகிறவன் துணியைப் பிடித்த கையோடு நின்றான். கொதிக்கிற எண்ணெய் வெறுமனே கொதித்தது. அவள் நிறுத்தி, கையைக் கீழே விட்டபோது, அடுத்த வரியைப் பாட வேண்டிய தர்பாரா வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். டோலக்காரன் இரண்டு சுற்று சும்மா அடித்த பிறகுதான் அவனுக்குத் தன் வரி ஞாபகம் வந்தது.

பாட்டு முடிந்ததும் செருப்பைக்கூடப் போடாமல் வேப்பமரத்தடிக்கு ஓடினாள்.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு காதில் குழந்தை, ஒரு காதில் கை. தோளைத் தொட்ட பிறகுதான் பார்த்தார்.

"கயிறு பையில் இருக்கிறது, எடுத்துக்கொள்" என்றார். "என் கை காலியில்லை."

அவள் எடுக்கவில்லை. பதினெட்டு வருஷமாக அவள் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிடுகிற ஒன்றை, இன்று அவளே கேட்க வேண்டியிருந்தது.

"சுருதி சேர்ந்திருந்ததா, ஜி?"

"தெரியாது."

"தெரியாதா?"

"நான் உன் பாட்டைக் கேட்கவே இல்லை, ஜஸ்மேல்."

குழந்தையை அவள் கையில் கொடுத்தார்.

"நீ காதில் கை வைத்ததைப் பார்த்தேன். எடுத்ததைப் பார்த்தேன். நடுவில் இவள் பதினான்கு மூச்சு விட்டாள்."